ராஸி எராஸ்மஸ்: கடைசி இருபது நிமிடங்களை முன்கூட்டியே யோசிக்கும் பயிற்சியாளர்

கேள்வி: "தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் ராஸி எராஸ்மஸை உலகின் தலைசிறந்த பயிற்சியாளர் என்கிறார்கள். ஆடிய காலத்தில் அவர் அப்படியொன்றும் பெரிய நட்சத்திரம் இல்லையே? அப்புறம் எப்படி இந்த உயரத்துக்கு வந்தார்? எனக்கு ரக்பி விதிகள் அதிகம் தெரியாது. புரியும்படி விளக்கவும்."

முதலில் ஒரு திருத்தம். எராஸ்மஸ் நல்ல ஆட்டக்காரர். 1997 முதல் 2001 வரை தென்னாப்பிரிக்காவுக்காக, அதாவது ஸ்பிரிங்பாக் அணிக்காக, 36 டெஸ்ட் (ரக்பியில் நாட்டு அணிகள் மோதும் ஒரே நாள் ஆட்டம்) ஆடியவர். முதல் ஆட்டமே பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணியான பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸுக்கு எதிராக, ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில். தொடர் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தாலும் அந்த மூன்றாவது டெஸ்டை 35-16 என்று ஜெயித்தார்கள். அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் தொடர்ந்து 17 டெஸ்ட் வென்று அன்றைய உலக சாதனையைச் சமன் செய்த அணியிலும் அவர் இருந்தார். 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் கூடுதல் நேரம் வரை போய் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதும் அதே தலைமுறைதான். ஒரே ஒரு டெஸ்டில் கேப்டனாகவும் இருந்தார். 1999-இல் கேப்டவுனில் ஆஸ்திரேலியாவை 10-9 என்று வென்ற ஆட்டம் அது.

அவர் ஆடிய இடம் ஃப்ளாங்கர். ரக்பியில் ஒரு அணிக்குப் 15 பேர். அதில் எட்டுப் பேர் 'ஃபார்வர்ட்', மோதுவதும் தள்ளுவதும் பந்தைப் பிடுங்குவதும் அவர்கள் வேலை. மீதி ஏழு பேர் 'பேக்', அவர்கள் ஓடுவார்கள், உதைப்பார்கள். ஃப்ளாங்கர் ஃபார்வர்ட்தான் என்றாலும் பந்து எங்கே போகும் என்று எல்லோருக்கும் முன்னால் கணித்து அங்கே போய் நிற்க வேண்டியவர். ஆட்டத்தைப் படிக்கத் தெரியாதவர் அந்த இடத்தில் பிழைக்க முடியாது. பயிற்சியாளர் எராஸ்மஸுக்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

ஊர், கிழக்குக் கேப் மாகாணத்தில் போர்ட் எலிசபெத்துக்கு (இன்றைய கெபெர்ஹா) பக்கத்திலுள்ள டெஸ்பாட்ச். ஆஃப்ரிக்கான்ஸ் பேசும் உழைக்கும் வர்க்கத்து வெள்ளையர்களின் சின்ன ஊர். 1972 நவம்பரில் பிறந்தார். ராணுவச் சேவையும் படிப்பும் அவரை ப்ளூம்ஃபோன்டெய்னுக்குக் கொண்டுபோயின. அங்கே பழக்கமானவர்தான் ஜாக் நினாபர். இவர் பெரிய ரக்பி ஆட்டக்காரர் இல்லை, படித்தது பிசியோதெரபி. எராஸ்மஸ் பின்னாளில் போன இடத்துக்கெல்லாம் இவரையும் கூட்டிக்கொண்டு போனார். முதலில் உடற்பயிற்சிப் பொறுப்பு, அப்புறம் தடுப்பாட்டப் பயிற்சி, கடைசியில் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் என்று நினாபர் வளர்ந்தார். எராஸ்மஸ் எப்படிப்பட்டவர் என்று தெரிய இந்த ஒரு நட்பைப் பார்த்தால் போதும். முன்னாள் டெஸ்ட் வீரர்கள் வரிசைகட்டி நிற்கும் நாட்டில், ஒரு பிசியோதெரபிஸ்டின் மூளையை நம்பி கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கூடவே வைத்திருந்தார்.

ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் கையில் லேப்டாப் இருந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் வீரர்களிடம் அது வழக்கமே இல்லை. எதிரணி ஆட்டங்களின் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, யார் எந்தப் பக்கம் திரும்புகிறார், எந்த இடத்திலிருந்து உதைக்கிறார் என்று தானே குறித்து வைத்துக்கொள்வார். காயங்கள் ஆட்டத்தை முடித்துவைத்தபோது அடுத்த வேலை கிட்டத்தட்ட தயாராகவே இருந்தது.

அந்த வேலை ப்ளூம்ஃபோன்டெய்னின் ஃப்ரீ ஸ்டேட் சீட்டாஸ் அணியில் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் பழம்பெரும் உள்நாட்டுப் போட்டியான கர்ரி கோப்பையை அந்த மாகாணம் கடைசியாக வென்றது 1976-இல். 2005-இல் பிரிட்டோரியாவுக்கே போய், ப்ளூ புல்ஸை அவர்கள் சொந்த மைதானத்தில் 29-25 என்று வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். எராஸ்மஸுக்கு அப்போது 33 வயது கூட நிறையவில்லை. அடுத்த ஆண்டு இறுதியாட்டம் 28-28 என்று முடிந்து கோப்பை பகிரப்பட்டது.

அந்த நாட்களில்தான் விளக்குக் கதை பிரபலமானது. பயிற்சியாளர்கள் உட்காரும் அறையை விட்டுவிட்டு அரங்கத்தின் கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து பார்த்தால் மொத்த மைதானமும் தெரியும், எதிரணி எங்கே இடைவெளி விட்டிருக்கிறது என்பது பளிச்சென்று புரியும். என்ன செய்ய வேண்டும் என்பதை வண்ண விளக்குகளை எரியவிட்டு வீரர்களுக்குச் சொல்வார். பலர் சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ரக்பியில் பயிற்சியாளர் நினைத்த நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திப் பேச வழியில்லை, தண்ணீர் கொண்டுபோகும் ஆள் மூலம்தான் செய்தி போகும், அதற்குள் நிலைமை மாறிவிடும். விளக்கு எரிய ஒரு நொடி போதும். அதைத் தடுக்க விதியும் இல்லை. "விதியில் இல்லை" என்ற அந்த இடத்தைத் தேடிப்போவது அவருடைய இயல்பு. பின்னாளிலும் இது மாறவில்லை.

அதற்கடுத்த பத்தாண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேப்டவுனில் ஸ்டார்மர்ஸ், வெஸ்டர்ன் ப்ராவின்ஸ் அணிகள், 2011 உலகக் கோப்பையில் தேசிய அணிக்குத் தொழில்நுட்ப உதவி, பிறகு தென்னாப்பிரிக்க ரக்பி சங்கத்தில் நிர்வாகப் பொறுப்பு. உபயோகமான ஆண்டுகள்தான், நாட்டிலுள்ள அத்தனை இளம் வீரர்களையும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெளியே தெரியும்படியான சாதனை இல்லை.

2016-இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிக்குப் போனார். அங்கே அவருக்கு ரக்பி இயக்குநர் பொறுப்பு. தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அந்தனி ஃபோலி, மன்ஸ்டரின் சொந்தப் பிள்ளை. அக்டோபர் 16 அன்று, பாரிஸில் ஆட்டத்துக்காகத் தங்கியிருந்த ஓட்டல் அறையில் ஃபோலி தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 42. வந்து சில மாதங்களே ஆன ஒரு வெளிநாட்டுக்காரர், துக்கத்தில் உடைந்துபோன ஓர் அணியையும் ஊரையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு நாள் கழித்து லிமரிக்கின் தாமண்ட் பார்க்கில் கிளாஸ்கோவுடன் ஆட்டம். ஃபோலி அணிந்த 8-ஆம் எண்ணை அன்று யாருக்கும் தரவில்லை. முதல் பாதியிலேயே ஒரு வீரர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 14 பேருடன் ஆடி 38-17 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் மன்ஸ்டர் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி வரை போனது. அவருடைய வெற்றிப் பட்டியலில் இதற்குக் கோப்பை எதுவும் இல்லை. ஆனாலும் வீடியோவும் கணக்கும் மட்டும் தெரிந்த ஒருவரால் அந்த அணியை நிமிர்த்தியிருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே சமயம் தாய்நாட்டு அணி அதலபாதாளத்தில் கிடந்தது. 2016-இல் டர்பனில் நியூசிலாந்திடம் 57-15, அதே ஆண்டு ஃப்ளோரன்ஸில் இத்தாலியிடம் வரலாற்றில் முதல் தோல்வி, 2017-இல் நியூசிலாந்தின் ஆல்பனியில் 57-0, நவம்பரில் டப்ளினில் அயர்லாந்திடம் 38-3. எராஸ்மஸைத் திரும்ப அழைத்தார்கள். 2018 தொடக்கத்தில் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பும் அவரிடமே வந்தது. உலகக் கோப்பைக்கு ஒன்றரை ஆண்டுதான் பாக்கி.

அவர் எடுத்த முதல் பெரிய முடிவு சியா கொலிசியைக் கேப்டனாக்கியது. இதன் கனம் புரிய கொஞ்சம் வரலாறு வேண்டும். நிறவெறி ஆட்சியில் ஸ்பிரிங்பாக் சட்டை கிட்டத்தட்ட வெள்ளையருக்கு மட்டுமே சொந்தம், கறுப்பின மக்களில் பலர் அந்த அணி தோற்க வேண்டும் என்றே ஆசைப்பட்டார்கள். 1995 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மண்டேலா 6-ஆம் எண் போட்ட ஸ்பிரிங்பாக் சட்டையுடன் வந்து நின்ற காட்சி உலகப் புகழ்பெற்றது. ஆனால் அன்றைய அணியில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். கொலிசி, போர்ட் எலிசபெத்தை ஒட்டிய ஸ்விடே குடியிருப்பில் பாட்டியிடம் வறுமையில் வளர்ந்தவர். எராஸ்மஸின் டெஸ்பாட்சிலிருந்து அது தூரமே இல்லை, ஆனால் நிறவெறிக் காலத்தில் இரண்டும் வேறு வேறு உலகம். வெஸ்டர்ன் ப்ராவின்ஸில் இருந்தபோதே பதின்வயதுக் கொலிசியைக் கண்டுபிடித்து ஒப்பந்தம் செய்ததும் எராஸ்மஸ்தான்.

2018 ஜூன் 9, எல்லிஸ் பார்க். டெஸ்ட் வரலாற்றில் ஸ்பிரிங்பாக்கின் முதல் கறுப்பினக் கேப்டனாக, அதே 6-ஆம் எண்ணுடன் கொலிசி இறங்கினார். இருபது நிமிடத்தைத் தாண்டுவதற்குள் இங்கிலாந்து 24-3 என்று முன்னிலை. அங்கிருந்து மீண்டு 42-39 என்று வென்றார்கள். இது வெறும் அடையாள அரசியல் நியமனம் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. அடுத்த ஐந்தாண்டில் அதே கேப்டன் இரண்டு உலகக் கோப்பைகளைத் தூக்கினார்.

சரி, இப்போது அவருடைய உத்திக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

ரக்பியில் 15 பேர் இறங்குவார்கள், 8 பேர் மாற்று வீரர்களாக உட்கார்ந்திருப்பார்கள். வழக்கம் என்னவென்றால் அந்த எட்டில் ஐந்து ஃபார்வர்ட், மூன்று பேக். பேக்குகளில் யாருக்காவது அடிபட்டால் ஆள் வேண்டுமே என்ற பயம்தான் காரணம். இன்னொரு பக்கம் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரு அணிகளின் எட்டு ஃபார்வர்டுகளும் குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிரெதிரே முட்டித் தள்ளுவது. ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 900 கிலோ எடை. முன்வரிசையில் நிற்கும் மூன்று பேரின் கழுத்திலும் முதுகிலும் அவ்வளவும் இறங்கும். ஐம்பது நிமிடம் இதைச் செய்தவருக்குக் கால் நடுங்க ஆரம்பித்துவிடும். தளர்ந்த பக்கம் ஸ்க்ரம்மைச் சரியவிட்டால் எதிரணிக்குப் பெனால்டி. பெனால்டியை உதைத்து உள்ளே போட்டால் மூன்று புள்ளிகள்.

எராஸ்மஸ் பெஞ்சில் ஆறு ஃபார்வர்ட், இரண்டே பேக் என்று வைத்தார். 6-2 கூட்டை வேறு சிலரும் எப்போதாவது செய்ததுண்டு. ஆனால் இவர் அதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார். இன்னொன்றும் செய்தார்: பெஞ்சில் இரண்டாம் தர ஆட்களை உட்காரவைக்கவில்லை. 2019 இறுதியாட்டத்தில் மால்கம் மார்க்ஸ், ஸ்டீவன் கிட்ஸாஃப் இருவரும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள். வேறு எந்த நாடாக இருந்தாலும் முதல் பதினைந்தில் இருப்பார்கள். கிரிக்கெட்டில் இரண்டு முதல்தர வேகப்பந்து வீச்சாளர்களைத் தொடவே தொடாமல் நாற்பதாவது ஓவர் வரை வைத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி. எதிரணி களைத்து நிற்கும்போது புதிதாக ஒரு முன்வரிசை வந்து நிற்கும். வீரர்கள் இந்தப் பெஞ்சுக்கு 'பாம் ஸ்குவாட்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெஞ்சில் உட்காருவது அவமானம் என்ற எண்ணமே அந்த அணியில் போய்விட்டது. விதியைப் படித்து 6-2 போடுவது எளிது, உலகத்தரமான ஒருவரை "நீ இன்று முதலில் இறங்கவில்லை" என்று சொல்லிச் சந்தோஷமாக ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். அவருடைய திறமையில் பாதி இதில் அடங்கியிருக்கிறது.

ஜப்பானில் நடந்த 2019 உலகக் கோப்பையில் முதல் ஆட்டமே நியூசிலாந்திடம் 23-13 தோல்வி. அதுவரை குழு ஆட்டத்தில் தோற்ற எந்த அணியும் கோப்பை வென்றதில்லை. இவர்கள் வென்றார்கள். யோகோஹாமா இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் முன்வரிசை வீரர் கைல் சின்க்ளர் மூன்றாவது நிமிடத்திலேயே மோதலில் நினைவிழந்து வெளியேறினார். அதன்பிறகு ஸ்க்ரம்மில் இங்கிலாந்து தலைதூக்கவே முடியவில்லை. ஹான்ட்ரே போலார்ட் காலால் மட்டும் 22 புள்ளிகள். கடைசிக் கால்மணியில் மகசோலே மபிம்பி, செஸ்லின் கோல்பி இருவரும் ஆளுக்கொரு டிரை, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது. முடிவு 32-12. அன்று தொடங்கிய பதினைந்து பேரில் ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவர்கள்.

ஆட்டம் முடிந்ததும் நெருக்கடியை எப்படிச் சமாளித்தீர்கள் என்று நிருபர்கள் கேட்டார்கள். வேலை இல்லாமல் இருப்பதும், நெருங்கிய உறவினர் கொலையாவதும்தான் தென்னாப்பிரிக்காவில் நெருக்கடி, ரக்பி தர வேண்டியது நம்பிக்கையை என்ற பொருளில் பதில் சொன்னார். மேடைப்பேச்சுக்குத் தயாரித்த வசனம் போல அது இல்லை, அந்த நாட்டை அறிந்தவர்களுக்கு அது அன்றாட நிஜம்.

இதற்குப் பிறகு நினாபரைத் தலைமைப் பயிற்சியாளராக்கிவிட்டு இவர் இயக்குநர் பொறுப்பில் இருந்தார். 2021-இல் லயன்ஸ் தொடர் வந்தது. அங்கேதான் அவர் செய்ததில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத காரியமும் நடந்தது. முதல் டெஸ்டில் 22-17 என்று தோற்றதும், நடுவர் நிக் பெரியின் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறைசொல்லும் 62 நிமிட வீடியோ ஒன்றைப் பதிவுசெய்தார். அது இணையத்தில் பரவியது. அவர் சுட்டிய சில இடங்களில் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நடுவரும் தவறு செய்யக்கூடிய மனிதர், குடும்பம் உள்ளவர். நாடே கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு தனிமனிதரை அப்படிக் கூட்டத்தின் முன் நிறுத்தக் கூடாது. உலக ரக்பி அமைப்பு அவருக்கு இரண்டு மாத முழுத் தடையும், 2022 செப்டம்பர் இறுதிவரை ஆட்ட நாள் தடையும் விதித்தது. சரியான தண்டனை என்றே நினைக்கிறேன். தொடரைத் தென்னாப்பிரிக்கா 2-1 என்று வென்றது வேறு விஷயம்.

அந்தத் தொடரில் இயக்குநரான அவரே தண்ணீர் பாட்டிலுடன் மைதானத்துக்குள் ஓடி வீரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். விதி தடுக்கவில்லையே! அடுத்த ஆண்டு, தலைமைப் பயிற்சியாளரும் ரக்பி இயக்குநரும் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்று விதி வந்தது.

2023-இல் பிரான்சில் நடந்த உலகக் கோப்பையில் இதே கதை இன்னொரு வடிவில். காலிறுதியில் போட்டியை நடத்தும் பிரான்சுடன் ஆட்டம். உயரே வந்த பந்தைத் தன் எல்லைக்குள் பிடித்த டேமியன் வில்லெம்சே 'மார்க்' கேட்டார். அப்படிக் கேட்டால் ஃப்ரீ கிக் கிடைக்கும், எல்லோரும் தூரமாக உதைத்துவிட்டு மூச்சு வாங்குவார்கள். வில்லெம்சே ஸ்க்ரம் வேண்டும் என்று கையால் சைகை காட்டினார். சொந்தக் கோட்டுக்கு அருகில் யாராவது ஸ்க்ரம் கேட்பார்களா? கேட்டதற்குக் காரணம், பிரெஞ்சு ஃபார்வர்டுகளை இன்னொரு முறை குனியவைத்துக் களைப்பாக்குவது. ஆட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 29-28 என்று வென்றது. 2024-இல் ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்கும் உரிமையையே விதிப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நியூசிலாந்துடனான இறுதியாட்டத்தில் 6-2 கூட இல்லை, 7-1. பெஞ்சில் இருந்த ஒரே பேக் வில்லி லெ ரூ. தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) பாங்கி எம்பொனாம்பிக்கு அடிபட்டு வெளியேற, 37 வயது டியான் ஃபூரி மீதி ஆட்டம் முழுக்க அந்த இடத்தை நிரப்பினார். பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் 28 முறை ஆட்களை மடக்கி வீழ்த்தினார். இரண்டாம் பாதியில் ஒரு புள்ளி கூட எடுக்காமல் 12-11 என்று கோப்பையைத் தக்கவைத்தார்கள். எதிரணிக் கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கியது பெரிய உதவி, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான்காவது உலகக் கோப்பை, வேறு எந்த நாட்டுக்கும் அவ்வளவு இல்லை.

நினாபர் அயர்லாந்துக்கு வேலைக்குப் போய்விட, 2024-இல் எராஸ்மஸ் மறுபடி தலைமைப் பயிற்சியாளர். இரண்டு கோப்பை தந்த முறையை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தாக்குதல் ஆட்டத்துக்கு நியூசிலாந்தின் டோனி பிரவுனைக் கொண்டுவந்து, பந்தைக் கையில் வைத்து வேகமாக ஆடும் பாணிக்கு அணியை மாற்றத் தொடங்கினார். சாஷா ஃபைன்பெர்க்-எம்கோமெசுலு போன்ற இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். பேக் வரிசைக்காரரான ஆந்த்ரே எஸ்டர்ஹைசனை ஃப்ளாங்கராகவும் ஆடவைத்தார், ஒரே ஆள் இரண்டு இடத்துக்கும் பயன்பட்டால் 7-1 பெஞ்சின் ஆபத்து குறைகிறது அல்லவா? எல்லாம் உடனே பலிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் எல்லிஸ் பார்க்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 22-0 என்று முன்னிலை எடுத்து 38-22 என்று தோற்றார்கள். அதற்கடுத்த மாதம் வெலிங்டனில் நியூசிலாந்தை 43-10 என்று நொறுக்கினார்கள். நியூசிலாந்தின் டெஸ்ட் வரலாற்றில் அதுதான் மிகப் பெரிய தோல்வி.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், 2023 அரையிறுதியின் கடைசி இருபது நிமிடங்களைச் சொல்வேன். பாரிஸில் மழை, இங்கிலாந்து 15-6 என்று முன்னிலை. அன்றைய பெஞ்ச் வழக்கமான 5-3தான், ஆனால் சாரம் அதேதான். 31-ஆவது நிமிடத்திலேயே உதைக்கும் வீரர் மானி லிபோக்கை வெளியே எடுத்துப் போலார்டை இறக்கியிருந்தார்கள். காயத்தால் முதல் பட்டியலில் இடமே கிடைக்காமல், பாதியில் வந்து சேர்ந்தவர் இந்தப் போலார்ட். பெஞ்சிலிருந்து வந்த ஆக்ஸ் நுச்சே ஒவ்வொரு ஸ்க்ரம்மிலும் இங்கிலாந்து முன்வரிசையை எப்படி மடக்குகிறார் என்று மட்டும் கவனியுங்கள், பந்தைப் பார்க்கவே வேண்டாம். ஆர்.ஜி. ஸ்னைமன், அவரும் மாற்று வீரர்தான், டிரை போடுவார். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது இன்னொரு ஸ்க்ரம், இன்னொரு பெனால்டி, போலார்ட் கிட்டத்தட்ட 50 மீட்டரிலிருந்து உதைப்பார். 16-15.